வெந்நீர்த் தொட்டியில் ஒரு தலைநகரம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

டிசம்பரில் ஐஸ்லாந்து செல்கிறேன். தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஒரு தேவாலயத்தையும் ஓர் இசையரங்கையும் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை என்கிறார்கள். விமான நிலையத்தில் இறங்கியதும் வாடகைக் காரில் நேராக அருவிகளுக்குச் சென்றுவிடலாமா? வடதுருவ ஒளி தெரியுமா? குழாய் வெந்நீரில் அழுகிய முட்டை நாற்றம் வருமாமே? பொது நீச்சல்குளங்களில் அனைவர் முன்னிலையிலும் ஆடையின்றிக் குளிக்கச் சொல்கிறார்களாம்; இது என்ன நாகரிகம்?

கே.

அன்புள்ள கே.,

வானம் தெளிந்திருந்தால் ஒளி தெரியும். வெந்நீரில் கந்தக வாடை வரத்தான் செய்யும். குளிர்நீரைக் குழாயிலிருந்து அப்படியே குடிக்கலாம், புட்டித் தண்ணீர் வாங்கிக் காசைக் கரியாக்காதீர்கள். உங்கள் கடைசி வரிக்காகத்தான் இதை எழுதுகிறேன். முன்பின் அறியாதவர்கள் எதிரெதிரே சும்மா உட்கார்ந்திருக்க ஒரு நகரத்தில் எங்கே இடமிருக்கிறது என்று சில காலமாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயத்தை வடிவமைத்த குவ்யோன் சாமுவேல்சன்தான் சுண்ட்ஹோட்லின் என்னும் பொதுக் குளத்தையும் வடிவமைத்தார். தேவாலயப் பணி 1945இல் தொடங்கி 1986இல்தான் முடிந்தது. குளமோ 1937இலேயே திறக்கப்பட்டுவிட்டது. நீந்தத் தெரியாத மீனவர்களைக் கடலுக்குப் பறிகொடுத்துப் பறிகொடுத்து, 1940இல் பள்ளிகளில் நீச்சலைக் கட்டாயமாக்கிய மக்கள் ஐஸ்லாந்துக்காரர்கள். வீடுகளைச் சூடாக்கும் அதே நிலத்தடி வெப்பம் குளங்களையும் சூடாக்குவதால், பனி கொட்டும் மாலைகளிலும் அவை திறந்தவெளியில் ஆவி பறக்க நிறைந்திருக்கும்.

இனி நாகரிகத்துக்கு வருவோம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிக் குளியலறைகள் உண்டு. ‘அனைவர் முன்னிலையிலும்’ என்று உங்களிடம் சொன்னவர் அங்கே போனதே இல்லை. தலை, அக்குள், இடுப்பின் கீழ்ப்பகுதி, பாதம் என்று கழுவ வேண்டிய இடங்களைச் சிவப்பில் காட்டும் மனித உருவப் படம் சுவரில் இருக்கும். நீச்சலுடையைக் கழற்றிவிட்டு, சோப்புப் போட்டு, அத்தனையையும் கழுவி, மீண்டும் நீச்சலுடையை அணிந்த பிறகே குளத்தில் இறங்க வேண்டும். குளோரினைக் குறைவாகக் கலப்பதால், இறங்குகிறவரின் தூய்மையை நம்பியே அந்த நீர் இருக்கிறது. உங்கள் கூச்சத்துக்காக மற்ற இருபது பேரும் உங்கள் அழுக்கில் உட்கார வேண்டுமா?

அங்கே 38, 40, 42 என்று வெப்பநிலை எழுதிய சிறு தொட்டிகள் இருக்கும். அவற்றில் ஒன்றில் கழுத்தளவு நீரில் நான் இருந்தபோது, நரைமுடியில் பனி உறைந்திருந்த ஒரு பெரியவர் ஓர் இளம்பெண்ணோடு ஏதோ காரசாரமாக வாதிட்டுக்கொண்டிருந்தார். யார் எவ்வளவு மீன் பிடிக்கலாம் என்ற ஒதுக்கீட்டைப் பற்றிய சண்டை அது என்று அந்தப் பெண் எனக்கு விளக்கினார். உடனே பெரியவர் என் பக்கம் திரும்பி, ‘உங்கள் நாட்டில் கடல் யாருக்குச் சொந்தம்?’ என்று ஆங்கிலத்தில் கேட்டார். எந்த அருங்காட்சியகத்திலும் என்னிடம் யாரும் அப்படியொரு கேள்வியைக் கேட்டதில்லை.

டிசம்பரில் அங்கே பகல் நான்கு மணி நேரம்தான், கே. தூக்கமில்லாத கண்களோடு, உறைபனிச் சாலையில், இருட்டில் காரோட்டப் போகிறேன் என்கிறீர்களே, உங்களுக்குக் குடும்பம் இல்லையா? முதல் இரண்டு இரவுகள் ஊரிலேயே தங்குங்கள். மாலையில் ஏதாவதொரு குளத்துக்குப் போங்கள். நீச்சலுடையும் துண்டும் கொண்டுபோனால் போதும், சோப்பு அங்கேயே இருக்கும்.