நேரில் மிரட்டும் மலை படத்தில் ஏன் மேடாகிறது?

கேள்வி: என்னிடம் 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி (படம் பதியும் சென்சார் சில்லின் ஓர் அளவு) கேமரா, அதோடு வந்த 18-55 லென்ஸ், ஒரு சாதாரண ட்ரைபாட் இருக்கின்றன. கிருஷ்ணகிரி மலையை பைபாஸ் ஓரம் நின்று 18-இல் (லென்ஸின் அகலப் பார்வை முனை) எடுத்தால், நேரில் அண்ணாந்து பார்க்க வைக்கிற பாறை படத்தில் வெறும் மேடாகச் சுருங்கிவிடுகிறது. ஒகேனக்கல்லில் மத்தியானம் எடுத்த அருவி, வெள்ளை வேட்டியைக் காயப்போட்டது போல் நீரோட்டமே தெரியாமல் வருகிறது. எல்லாம் பளிச்சென்று இருக்கட்டும் என்று எஃப் 22 (லென்ஸின் துளையை மிகச் சிறிதாக்கும் எண்) வைத்தேன். அதில் தெளிவு இன்னும் குறைந்தது. என்ன செட்டிங் வைக்க வேண்டும்? (காரிமங்கலம் வாசகர்)

பதில்: நீங்கள் மூன்றுக்கும் செட்டிங் கேட்கிறீர்கள். கடைசிக் குறைக்கு மட்டும்தான் அது மருந்து. மலை சிறுத்ததற்குக் காரணம் நீங்கள் நின்ற இடம். அருவி வெளுத்ததற்குப் பெரும்பாலும் நீங்கள் போன நேரம்.

மலையிலிருந்து தொடங்குவோம். 200 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறை 2 கிலோமீட்டர் தள்ளி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 மி.மீ. லென்ஸில் அதன் பிம்பம் சென்சார் மேல் 1.8 மி.மீ. உயரம்தான் விழும். ஏபிஎஸ்-சி சென்சாரின் உயரம் ஏறக்குறைய 15.6 மி.மீ. ஆக, மலைக்குக் கிடைப்பது படத்தின் உயரத்தில் ஒன்பதில் ஒரு பங்கு. மிச்சமெல்லாம் வானமும் தார்ச்சாலையும். அதே இடத்தில் நின்று 55-க்குத் திருப்பினால் பிம்பம் 5.5 மி.மீ., அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நேரில் பார்க்கும்போது நம் கண் சாலையையும் கம்பத்தையும் விட்டுவிட்டு மலையை மட்டும் பிடித்துக்கொள்கிறது. லென்ஸுக்கு அந்தப் பாரபட்சம் கிடையாது.

நிலக்காட்சி என்றாலே வைட் ஆங்கிள் (18 போன்ற அகலப் பார்வை) என்று ஒரு பழக்கம் பரவியிருக்கிறது. கிருஷ்ணகிரி, ராயக்கோட்டைப் பக்கம் அதை அப்படியே எடுத்துக்கொள்வது தவறு. இங்கே மலைகள் தொடராக வந்து நம்மைச் சூழ்வது குறைவு. சமதரையில் கேழ்வரகுக் கொல்லைக்கும் மாந்தோப்புக்கும் நடுவில் ஒற்றைப் பாறையாக எழுகின்றன. அந்த எழுச்சியைக் காட்ட 35 முதல் 55 வரைதான் ஏற்றது.

ஆனால் ஜூம் மட்டும் போதாது. மலை பெரியது என்று சொல்ல, அளவு தெரிந்த ஒரு பொருள் படத்தில் வேண்டும்: ஒரு புளியமரம், ஒரு பனை, ஓட்டு வீடு, ஏர் ஓட்டுகிற ஆள். அந்தப் பொருளுக்கும் உங்களுக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 10 மீட்டர் உயரப் புளியமரத்திலிருந்து 30 மீட்டர் தள்ளி நின்றால், படத்தில் மரம் அந்த மலையைவிட மூன்று மடங்கு உயரமாகத் தெரியும். அதே மரத்திலிருந்து 150 மீட்டர் பின்னால் வந்து 55-இல் எடுத்தால் கணக்கு தலைகீழ்: மலை மரத்தைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு உயரம். மரமும் மாறவில்லை, மலையும் மாறவில்லை. 120 மீட்டர் பின்னால் நடந்ததுதான் வித்தியாசம். மலையைப் பெரிதாக்க அதை நோக்கி நடப்பதுதான் பலரும் செய்வது. முன்னால் இருக்கும் மரத்தை விட்டு விலகிப் பின்னால் நடப்பதுதான் வழி.

பின்னால் போகும்போது மின்கம்பி குறுக்கே வரும். கேமராவைத் தாழ்த்தினால் கம்பி மேலேறி வானத்தில் கோடாக நிற்கும். உயர்த்தினால் சில இடங்களில் மரக்கிளைக்குள் மறையும். இருபது அடி பக்கவாட்டில் நடந்து பார்ப்பதே பெரும்பாலும் தீர்வு. கொல்லையில் நின்றால் வரப்பின் மேல் ஏறிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் கதிர்கள் மலையடிவாரத்தை மறைத்து, பாறை வெட்டி ஒட்டியது போல் தெரியும்.

இந்தப் படத்துக்கு எஃப் 8, ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100. மரத்திலோ மலையிலோ எதில் ஃபோகஸ் வைத்தாலும் சரி. 55-இல் எஃப் 8 வைத்து மலையில் ஃபோகஸ் செய்தால், சுமார் 19 மீட்டருக்கு அப்பால் உள்ளதெல்லாம் தெளிவாகவே விழும். கையில் பிடித்து எடுப்பதென்றால் ஷட்டர் வேகம் 1/80 விநாடிக்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கினால் ஐஎஸ்ஓ-வை 400 வரை தயங்காமல் ஏற்றலாம்.

அப்படியானால் 18 எதற்கு? காலடியில் ஏதாவது இருக்கும்போது. கோட்டைப் பாறையின் மேல் ஏறியிருக்கிறீர்கள். முந்தின நாள் பெய்த மழை பாறைக்குழியில் தேங்கி, அதில் விடியல் வானம் கிடக்கிறது. ட்ரைபாடை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, குழியின் விளிம்பு லென்ஸிலிருந்து ஒரு மீட்டரில் இருக்கும்படி வையுங்கள். 18 மி.மீ., எஃப் 11, ஃபோகஸ் 2 மீட்டர். இந்த அமைப்பில் 90 சென்டிமீட்டரிலிருந்து அடிவானம் வரை எல்லாம் தெளிவாக இருக்கும். கிட் லென்ஸ்களில் (கேமராவோடு சேர்ந்து வருபவை) பெரும்பாலும் தூர அளவு பொறித்திருக்காது. அதனால் 2 மீட்டர் தள்ளி உங்கள் பையை வைத்து, அதன் மேல் ஆட்டோ ஃபோகஸ் செய்து, உடனே மேனுவலுக்கு மாற்றிவிட்டுப் பையை எடுத்துவிடுங்கள். அதற்குப் பிறகு ஜூம் வளையத்தைத் தொடாதீர்கள். இந்த லென்ஸ்களில் ஜூம் மாறினால் ஃபோகஸும் நகர்ந்துவிடும்.

உங்கள் எஃப் 22 படம் மங்கியதற்கும் ஃபோகஸ் நகர்ந்ததுதான் காரணம் என்று நினைக்க வேண்டாம், அது வேறு. துளை மிகச் சிறிதாகும்போது அதன் விளிம்பில் ஒளி வளைந்து சிதறுகிறது. ஒவ்வொரு புள்ளியும் சிறு வட்டமாக விரிகிறது. 24 மெகாபிக்சல் ஏபிஎஸ்-சி சென்சாரில் எஃப் 11-க்கு மேல் போகப்போக இது கண்ணுக்குத் தெரியும். ஆழத் தெளிவை எஃப் 22-இல் தேடாமல், ஃபோகஸ் வைக்கும் தூரத்தில் தேடுங்கள்.

அடுத்து வெளிச்சம். சூரியன் அடிவானத்தைத் தொட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் தங்கநிறம் தருவதாகச் சொல்லும் வீடியோக்கள் குளிர்நாடுகளில் எடுத்தவை. நாம் இருப்பது 12 பாகை வடக்கில். இங்கே சூரியன் கிட்டத்தட்ட செங்குத்தாக ஏறி, செங்குத்தாக இறங்கும். அடிவானத்திலிருந்து 6 பாகை உயர 25 நிமிடம்தான் ஆகும். சாய்ந்த மஞ்சள் வெளிச்சம் அந்த 25 நிமிடமே. ட்ரைபாடை விரித்து, ஃப்ரேம் கட்டி, ஃபோகஸ் பூட்டிவிட்டு, சூரியன் வருமுன்பே காத்திருக்க வேண்டும்.

ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தையொட்டியும் நண்பகல் சூரியன் இந்த மாவட்டங்களின் உச்சிக்கு நேர் மேலே நிற்கும். அப்போது பாறை மடிப்புகளுக்கு நிழலே விழாது. மலை தட்டையான சாம்பல் அட்டை. அந்த நேரத்தில் எந்த செட்டிங்கும் உருட்சியைக் கொண்டுவராது. இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ஜூனில் சூரியன் நேர்கிழக்குக்கு 24 பாகை வடக்கே உதிக்கும், டிசம்பரில் அதே அளவு தெற்கே. ஜூன் காலையில் ஒளி வாங்குகிற வடகிழக்கு முகம் டிசம்பரில் மங்கிக் கிடக்கலாம். கைபேசி திசைகாட்டியை வைத்து மலையின் எந்த முகத்துக்கு எந்த மாதம் பக்கவாட்டு வெயில் வருகிறது என்று ஒருமுறை குறித்து வைத்தால், வருடம் முழுக்க வீண் அலைச்சல் மிச்சம். காற்றுத் தெளிவுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் காலைக்கு ஈடில்லை. சித்திரை வெயிலில் தூரத்து மலை புகைமூட்டம் போல் வெளுத்துவிடும்.

விடியலில் வானம் வெளுத்து, பாறை கறுத்துப் போனால் ரா ஃபைலில் (கேமரா மாற்றாத மூலக் கோப்பு) எடுத்து, ஹிஸ்டோகிராம் (வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடம்) வலது சுவரில் மோதாத வரை வெளிச்சம் கொடுங்கள். அப்படியும் நிழல் எழாவிட்டால் பிராக்கெட்டிங்கில் மைனஸ் 2, 0, பிளஸ் 2 என்று வெவ்வேறு வெளிச்சத்தில் மூன்று படம் எடுத்து இணைக்கலாம்.

இனி ஒகேனக்கல். அங்கே பாறை கறுப்பு, நீர் வெள்ளை. ஃப்ரேமில் பாறை அதிகமிருந்தால் கேமரா அந்தக் கறுப்பைச் சாம்பலாக்கப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டும். நீர் வெந்து வெளுக்கும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனில் (கேமரா கணித்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 0.7 முதல் மைனஸ் 1 வரை வையுங்கள். வெளுத்த இடங்கள் மினுக்கும் எச்சரிக்கையை மெனுவில் போட்டு, அருவி மேல் அது மினுக்குவது நிற்கும் வரை குறையுங்கள்.

பட்டுபோல் வழியும் நீர் வேண்டுமானால் உச்சிவெயிலில் அது நடக்காது. ஐஎஸ்ஓ 100, எஃப் 11-இல் நல்ல வெயில் கேட்பது சுமார் 1/200 விநாடி. உங்களுக்குத் தேவையோ 1/4 விநாடிக்கு அருகில். அதற்கு 6 ஸ்டாப் என்டி ஃபில்டர் (லென்ஸ் முன் மாட்டும் கறுப்புக் கண்ணாடி; ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாகும்) வேண்டும். போட்டாலும் வெயில் பட்ட நீருக்கும் நிழல் பாறைக்கும் உள்ள ஏற்றத்தாழ்வு போகாது. மேகமூட்டமான நாளிலோ, காலையில் வெயில் நீரில் இறங்குமுன்போ போனால் அதே எஃப் 11-இல் 1/30 அளவுக்குக் கிடைக்கும். 3 ஸ்டாப் என்டி போதும், 1/4 வந்துவிடும். நீர் பெருத்து விழும் இடத்தில் 1/8 முதல் 1/4 வரை. இழை இழையாகச் சொட்டும் இடத்தில் அரை விநாடி முதல் ஒன்று வரை. பெருத்த நீருக்கு இரண்டு விநாடி கொடுத்தால் மறுபடியும் வெள்ளை வேட்டிதான்.

என்டி-க்கு முன்னால் ஒரு சர்க்குலர் போலரைசர் (பளபளப்பை வெட்டும் ஃபில்டர்) வாங்குங்கள். நனைந்த பாறையின் மேல் வானத்தின் பளபளப்பு வெள்ளைத் தோல் போல் படிந்திருக்கும். போலரைசரை மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் அது உரிந்து, பாறையின் உண்மையான கருமையும் பாசியின் பச்சையும் வெளியே வரும். சுமார் ஒன்றரை ஸ்டாப் வெளிச்சமும் குறைவதால் ஷட்டரும் தானாக நீளும். வாங்குமுன் லென்ஸின் முன் வளையத்தில் வட்டத்தின் குறுக்கே கோடு போட்ட குறிக்குப் பக்கத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 52, 55, 58 என்று கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில பழைய கிட் லென்ஸ்களில் ஃபோகஸ் செய்யும்போது முன் வளையமே சுற்றும். அதில் ஃபோகஸ் முடித்த பிறகே போலரைசரைத் திருப்ப வேண்டும். கிருஷ்ணகிரி அணையில் மலையின் பிரதிபலிப்பை எடுக்கும்போது இதைக் கழற்றிவிடுங்கள். தவறான நிலையில் திருப்பினால் பிரதிபலிப்பே காணாமல் போகும். அந்த ஒரு படத்தில் நீர்க்கோட்டைத் தாராளமாக நடுவில் வைக்கலாம்.

சாரல்தான் ஒகேனக்கல்லின் பெரிய தொல்லை. கண்ணாடியில் ஒரு துளி விழுந்தால், துளை சிறிதாகச் சிறிதாகப் படத்தில் அது மங்கலான வட்டமாகத் தெளிவாகத் தெரியும். ஃப்ரேம் கட்டும் வரை மூடியைப் போட்டே வைத்து, துடைத்து, எடுத்து, உடனே பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று மைக்ரோஃபைபர் துணி வேண்டும். ஈரமான துணியால் துடைப்பது அழுக்கைப் பரப்புவதுதான். ட்ரைபாடின் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். 2 விநாடி டைமர் வையுங்கள், லென்ஸின் ஸ்டெபிலைசரை (கை நடுக்கத்தை ஈடுகட்டும் வசதி) அணைத்துவிடுங்கள். தொங்கு பாலத்தில் ட்ரைபாட் வைத்து நீண்ட ஷட்டர் முயல வேண்டாம். ஒருவர் நடந்தால் பாலமே அசையும்.

பரிசலில் ட்ரைபாடுக்கு வேலையே இல்லை. பரிசல் சுழன்றுகொண்டே போகும் என்பதால் ஷட்டர் 1/500-க்கு மேல், ஆட்டோ ஐஎஸ்ஓ, எஃப் 5.6. லைஃப் ஜாக்கெட்டுக்கு மேலே கேமரா வாரைக் குறுக்காகப் போட்டுக்கொள்ளுங்கள்.

கர்நாடக அணைகளிலிருந்து திறப்பு கூடும் ஆடி, ஆவணி நாட்களில் பரிசலுக்கும் குளிப்பதற்கும் மாவட்ட நிர்வாகம் தடை விதிக்கும். சின்ன அருவிகள் ஒன்றாகி, பாறைகள் முழுகி, நீர் செம்மண் நிறத்தில் வரும். அப்போது பட்டு நீர் எடுக்க முயன்றால் காபி நிறக் கம்பளம்தான் கிடைக்கும். அனுமதித்த இடத்தில், கம்பிவேலிக்கு இந்தப் பக்கமே நின்று, 55-இல், 1/1000 விநாடியில் நீர் பாறையில் அறைந்து தெறிக்கும் கணத்தைப் பிடியுங்கள். ஐஎஸ்ஓ 800 ஆனாலும் பரவாயில்லை; தடுப்புக் கம்பியின் ஒரு முனையையோ கரையோர மரத்தையோ ஃப்ரேமின் ஓரத்தில் விட்டுவைத்தால், தண்ணீர் எவ்வளவு உயரம் எழுகிறது என்பது தெரியும்.