தேர்தல் பார்வையாளர் வேலைக்கு ஒன்றே முக்கால் லட்சமா?

கேள்வி: எங்கள் மகன் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்தவன். ஐரோப்பாவில் தேர்தல்களைக் கண்காணித்து மனித உரிமைகளையும் காக்கும் ஓ.எஸ்.சி.இ. என்ற அமைப்பில் பார்வையாளர் வேலை வாங்கித் தருவதாகக் காட்பாடியில் ஒருவர் 1,75,000 ரூபாய் கேட்கிறார். 40,000 கொடுத்துவிட்டோம். பாஸ்போர்ட்டும் அவரிடம்தான் இருக்கிறது. முதலில் ஓர் அடையாள அட்டை தருவாராம். அதைக் காட்டினால் இங்கேயும் வாக்குச்சாவடிக்குள் போகலாம் என்கிறார். மீதிக்கு நகையை அடகு வைக்கலாமா?
- நெசவாளர், குடியாத்தம்

பதில்: வைக்காதீர்கள். இனி ஒரு ரூபாய்கூட அவர் கைக்குப் போகக் கூடாது.

அந்த அமைப்பு உண்மையானது. ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு என்பது அதன் பெயர். 1975-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி உடன்பாட்டிலிருந்து வளர்ந்தது. தலைமையகம் வியன்னாவில் இருக்கிறது. தேர்தல் கண்காணிப்பைக் கவனிக்கும் அலுவலகம் வார்சாவில். அமெரிக்கா, கனடா, ரஷ்யா, மங்கோலியா உட்பட 57 நாடுகள் அதில் இருக்கின்றன. இந்தியா இல்லை. உங்கள் விஷயத்தில் இது ஒன்றே போதும். பார்வையாளர்களை அந்த 57 நாடுகளின் அரசுகள்தான் பெரும்பாலும் தேர்ந்தெடுத்து அனுப்புகின்றன. பயணச் செலவையும் அவையே ஏற்கின்றன. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு போய், பார்த்ததைக் குறித்துக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறவர்களே அதிகம். மாதச் சம்பள உத்தியோகம் என்று சொன்னதும் பொய், அதற்குக் கட்டணம் என்று சொன்னதும் பொய்.

விலக்கு ஒன்று உண்டு. தரகர்கள் அதைத்தான் திரித்துச் சொல்கிறார்கள் என்பதால் விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் உறவினர் யாராவது கனடா குடிமகனாகவோ ஜெர்மனி குடிமகனாகவோ ஆகியிருந்தால், அவர் அந்த நாட்டு அரசின் வழியாக விண்ணப்பிக்கலாம். வேலூர் மேல்மொணவூர் முகாமில் இருக்கும் இலங்கைத் தமிழர் பலருக்கு வெளிநாடுகளில் சொந்தம் இருக்கும்; "அவர் போனாரே, உங்கள் பிள்ளை ஏன் போகக் கூடாது?" என்று தரகர் கேட்டால் நம்பத்தான் தோன்றும். போனவர் அந்த நாட்டுக் குடிமகனாகப் போயிருப்பார். அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதி பெற்றிருப்பது வேறு, குடியுரிமை வேறு. அங்கே சித்தப்பா இருக்கிறார் என்பதற்காக இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் உங்கள் மகனுக்கு அந்த வழி திறக்காது.

அடுத்தது அந்த அட்டை. வட ஆற்காடு முழுவதும் இந்த வியாபாரம் நடக்கிறது. வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை, எங்கே போனாலும் "சர்வதேச மனித உரிமை" என்று சிவப்பு எழுத்தில் பலகை மாட்டிய வண்டியைப் பார்க்கலாம். சில ஆயிரம் கொடுத்தால் மாவட்டச் செயலாளர், இன்னும் கொஞ்சம் கொடுத்தால் மாநிலத் தலைவர்! சட்டத்தின் முன் அந்த அட்டை வெறும் காகிதம். வாக்குச்சாவடிக்குள் யார் வரலாம் என்பதை 1961-ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் வரையறுத்திருக்கின்றன. வாக்காளர்களைத் தவிர வேட்பாளர், அவருடைய முகவர், பணியில் இருக்கும் அரசு ஊழியர், தேர்தல் ஆணையம் அனுமதித்தவர் என்று அந்தப் பட்டியல் குறுகியது. அட்டையை நம்பி உங்கள் மகன் உள்ளே நுழைந்தால் காவலர் பிடிப்பது அவனைத்தான், தரகரை அல்ல. இங்கே தேர்தலை மேற்பார்வையிடுகிறவர்கள் ஆணையம் நியமிக்கும் ஐ.ஏ.எஸ்., ஐ.பி.எஸ்., வருவாய்ப் பணி அதிகாரிகள். 2019 ஏப்ரலில் வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வேலூர் மக்களவைத் தேர்தல் ரத்தானதே, அது பணம் பிடிபட்டு, நம் ஆணையம் பரிந்துரைத்து, குடியரசுத் தலைவர் ஆணையால் நடந்தது. எந்த வெளிநாட்டு அமைப்புக்கும் அதில் பங்கில்லை.

இனி 40,000. வங்கி வழியாகவோ கைப்பேசியிலோ அனுப்பியிருந்தால் இன்றே 1930 என்ற இணையப் பண மோசடி உதவி எண்ணில் புகார் சொல்லுங்கள். தாமதமாகிவிட்டதே என்று விட்டுவிடாதீர்கள். பிறகு காவல் நிலையத்தில் எழுத்துப் புகார். மோசடிக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தில் பிரிவு 318 இருக்கிறது. ஆனால் பல நிலையங்களில் என்ன சொல்வார்கள் தெரியுமா? "இது கொடுக்கல் வாங்கல் விவகாரம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்பார்கள். தறியை நிறுத்திவிட்டு வந்த மனிதரை மூன்று நாள் அலைய விட்டு, கடைசியில் அதே தரகரை அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள். எத்தனையோ குடும்பங்கள் இந்த அலைச்சலுக்குப் பயந்தே பணத்தை விட்டுவிடுகின்றன, தரகரும் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார். நீங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் நிலையத்தை விட்டு நகராதீர்கள். மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதற்கும் அசைவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தை நாடலாம்.

காவலர் உங்களை அவமதித்தாலோ புகாரை அழுத்தி வைத்தாலோ மாநில மனித உரிமை ஆணையம் இருக்கிறது. சம்பவம் நடந்த ஓராண்டுக்குள் மனு கொடுக்க வேண்டும். கட்டணம் கிடையாது, தமிழிலேயே எழுதலாம். "எழுதித் தருகிறேன்" என்று இரண்டாயிரம் கேட்பவரிடமும் போகாதீர்கள், உங்கள் எம்.ஏ. படித்த மகனே எழுதுவான்.

பாஸ்போர்ட்டை முதலில் கேட்டு வாங்குங்கள். அது இந்திய அரசின் சொத்து, தனியார் ஒருவர் பிடித்து வைக்க அவருக்கு உரிமை இல்லை. பணம் கேட்கப் போவதாகக் காட்டிக்கொள்ளாமல், வங்கியில் காட்ட வேண்டும் என்று சொல்லிக் கேளுங்கள். தர மறுத்தால் அதையும் புகாரில் தனிப் பத்தியாக, பாஸ்போர்ட் எண்ணோடு சேர்த்து எழுதுங்கள்.