சீசன் ஆள் மூன்று வருடம் நின்றால்

கேள்வி: பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நிரந்தரமாக ஆறு பேர், மாலை நேரத்துக்கு மட்டும் ஐந்து பேர். அந்த ஐவரில் ஒரு பெண்ணைத் தீபாவளி சீசனுக்கு என்று சொல்லித்தான் சேர்த்தேன். மூன்று வருடம் ஓடிவிட்டது. மாதம் 9,000 ரூபாய். மகளைப் போல் நடத்தினேன், தங்கை கல்யாணத்துக்கு முன்பணமும் கொடுத்தேன். பொங்கலுக்குப் பிறகு வியாபாரம் படுத்துவிட்டதால் வர வேண்டாம் என்றேன். வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறாள்! தற்காலிக ஆளுக்கு இந்த உரிமை உண்டா?

பதில்: உண்டு. மகள், முன்பணம், நன்றி எதுவும் வழக்கில் ஏறாது. நிறுத்திய நாளுக்கு முந்தைய 12 மாதத்தில் அவர் எத்தனை நாள் வேலை பார்த்தார் என்பதுதான் கேள்வி. 240 நாளைத் தொட்டிருந்தால், தற்காலிகம் என்று நீங்கள் வைத்த பெயர் உங்களைக் காப்பாற்றாது. நான்கு மணி நேரம் வந்தாலும் அது ஒரு நாள். சம்பளத்தோடு விட்ட விடுமுறையும் கணக்கில் சேரும். அது போகட்டும், ஆறு மாதம் தொடர்ந்து வேலை பார்த்தவரையே தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸும் இல்லாமல் நிறுத்தக் கூடாது என்கிறது 1947-ஆம் ஆண்டு தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு.

நாள் கணக்கை முதலில் நிரூபிக்க வேண்டியவர் அவர்தான். அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். சம்பளத்தை ஜிபே-யில் போட்டிருந்தால் அவருடைய வங்கிக் கணக்கே வருகைப் பதிவேடு.

இந்தக் கட்டத்தில்தான் முதலாளிகள் குழியில் விழுகிறார்கள். நோட்டீஸ் வந்த வாரமே கணக்குப்பிள்ளையை உட்கார வைத்து, இடையிடையே வேலை விட்டுப் போனதாகப் பழைய தேதியில் வவுச்சர் எழுதுவார்கள். என் கட்சிக்காரர் ஒருவர் கொண்டுவந்த 2016-ஆம் ஆண்டு வவுச்சரில் கடையின் ஜிஎஸ்டி எண் அச்சாகியிருந்தது. ஜிஎஸ்டி வந்ததே 2017 ஜூலையில். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்த ஒரு தாளை மட்டும்தான் நீட்டினார். அதன்பிறகு எங்களிடம் இருந்த உண்மையான ரசீதுகளையும் யாரும் நம்பவில்லை.

இன்னொரு குழி, பதில் நோட்டீஸ். கோபத்தில் "ஐந்து பகுதிநேர ஆட்களில் இவரும் ஒருவர், அவ்வளவே" என்று எழுதிவிடாதீர்கள். ஆறும் ஐந்தும் பதினொன்று. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டமான இஎஸ்ஐ-க்குப் பத்துப் பேர் போதும்; பகுதிநேரமும் தலைக்கணக்கில் உண்டு. ஒரு பெண்ணின் நோட்டீஸுக்கு எழுதும் பதில், பழைய பாக்கி, வட்டி, அபராதம் என்று திரும்பி வரும். ஊழியர் பங்கையும் அப்போது நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். இதுவரை இஎஸ்ஐ பதிவு செய்யவில்லை என்றால், அவர்கள் தேடி வருவதற்கு முன் நீங்களே போய்ப் பதிந்துகொள்ளுங்கள்.

வெளிப்படையாகவே சொல்கிறேன், சமரசம் பேசுங்கள். ஒரு மாத நோட்டீஸ் சம்பளம் 9,000. இழப்பீடாக வருடத்துக்கு 15 நாள் சம்பளம் வீதம் மூன்று வருடத்துக்கு ஏறக்குறைய 13,500. சுமார் 22,500 ரூபாயில் பேச்சைத் தொடங்கலாம். கொஞ்சம் கூடக் கேட்டாலும் கொடுங்கள். வழக்கு நாலு வருடம் இழுத்தால், வேலையில்லாமல் இருந்த காலத்துக்கும் சம்பளம் கொடு என்ற பின்சம்பளப் பேச்சு வரும், என் ஃபீஸும் தனி. வெற்று முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கும் வேலை மட்டும் வேண்டாம். தொழிலாளர் துறையின் சமரச அலுவலர் முன்னிலையில் ஒப்பந்தம் எழுதி, பணத்தைக் காசோலையாகக் கொடுங்கள். கல்யாண முன்பணத்தை அதில் கழிக்கப் பார்க்காதீர்கள். அதைக் கேட்டால் பேச்சு முறியும். எழுத்து எதுவும் வாங்கியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

அடுத்த தீபாவளிக்கு ஆள் எடுக்கும்போது, சேரும் தேதியையும் முடியும் தேதியையும் எழுதி, ஒரு பிரதியை அவர்கள் கையிலும் கொடுங்கள். முடியும் தேதி வந்ததும் கணக்கு முடித்து அனுப்பிவிடுங்கள். "பொங்கல் வரைக்கும் இரும்மா" என்று சொல்லாதீர்கள்.