உழவர் கேள்வி-பதில்: ஆடு வாங்கும் முன் புல் நடுங்கள்

கேள்வி: எங்களுக்கு இரண்டு ஏக்கர். கிணற்றுத் தண்ணீர் ஒரு ஏக்கருக்குத்தான் பாயும். மகன் திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். கடலை பறிக்க ஆள் கிடைப்பதில்லை. நிலம் முழுக்கத் தீவனப்புல் போட்டு இருபது ஆடு வளர்த்துவிடலாம் என்கிறார் கணவர். சரிவருமா?
- வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: ஆடு வளருங்கள், சகோதரி. ஆனால் அதற்காக நிலம் முழுவதையும் புல்லுக்கு விட வேண்டாம். வளர்ந்த வெள்ளாட்டுக்கு நாளொன்றுக்கு நான்கு கிலோ பசுந்தீவனம் என்று வைத்தால் இருபது ஆட்டுக்கு 80 கிலோ, வருடத்துக்கு 29 டன். கம்பு நேப்பியர் என்ற தீவனப்புல் நல்ல பாசனத்தில் ஏக்கருக்கு 150 டன் வரை வரும். உங்கள் கிணற்றுக்கு அதில் பாதிதான் என்றாலும் 30 சென்டில் 22 டன் கிடைத்துவிடும். மிச்சத்துக்குப் பத்து சென்ட் வேலிமசால் என்ற பயறுவகைத் தீவனமும் வரப்போர அகத்தியும் போதும். மீதி 60 சென்டில் கடலையைத் தொடருங்கள். அந்த அளவை வீட்டு ஆட்களே பறித்துவிடலாம், கொடியும் தீவனமாகும். மானாவாரி ஏக்கரில் சோளம் போட்டால் உலர்தீவனமாகத் தட்டை கிடைக்கும்.

கடலையை விட வேண்டாம் என்பதற்கு முக்கியக் காரணம் வேறு. வெள்ளாட்டுக்குச் சினைக்காலமே ஐந்து மாதம். குட்டி விற்கும் பருவத்துக்கு வர மேலும் ஆறேழு மாதம். ஆக, முதல் ஒரு வருடம் ஆட்டிலிருந்து காசு வராது. பலர் கை நொடிந்துபோவது இந்த இடைவெளியில்தான். தவிடு வாங்கக்கூட வழியில்லாமல் சினையாட்டையே சந்தைக்கு ஓட்டிவிடுகிறார்கள். எனவே பத்து ஆட்டோடு தொடங்குங்கள்.

முதலில் புல். 30 சென்டுக்கு, 60க்கு 50 செ.மீ. இடைவெளியில், சுமார் 4,000 கரணை (நடுவதற்கு வெட்டிய தண்டுத் துண்டு) வேண்டும். இரண்டு கணு உள்ள கரணையில் ஒரு கணு மண்ணுக்குள் இருக்கட்டும். முதல் அறுப்பு 75 முதல் 80 நாளில், பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. அறுப்பைத் தள்ளிப்போட்டால் தண்டு முற்றிவிடும். ஆடு இலையை மட்டும் கடித்துவிட்டுத் தண்டை ஒதுக்கிவிடும். வேலிமசால் விதையை அப்படியே விதைத்தால் பாதிகூட முளைக்காது. தண்ணீரைக் கொதிக்கவைத்து இறக்கி, மூன்று நான்கு நிமிடம் ஆறவிட்டு, விதையை ஐந்து நிமிடம் ஊறவையுங்கள். பிறகு வடித்துவிட்டு, இரவு முழுக்கக் குளிர்ந்த நீரில் போட்டு, காலையில் விதையுங்கள். இளஞ்சோளப் பயிரையும் அறுத்தபின் மீண்டும் துளிர்த்து வாடிய மறுதாம்புச் சோளத்தையும் ஆடு மேயவிடாதீர்கள். அதிலுள்ள நச்சு சில நிமிடங்களில் உயிரை வாங்கிவிடும்.

முதல் அறுப்பு வந்தபிறகு ஆடு வாங்குங்கள். சந்தையைவிட அக்கம்பக்க ஊர்களில், தாயாட்டைப் பார்த்து வாங்குவது நல்லது. புது ஆடுகளை மூன்று வாரம் தனியே கட்டுங்கள். ஆட்டுக்கொல்லி என்ற தொற்றுநோய் பெரும்பாலும் அவற்றோடுதான் பட்டிக்குள் நுழைகிறது. அதற்கும், ஆட்டைத் திடீரெனக் கொல்லும் குடல்நச்சு நோயான துள்ளுமாரிக்கும் தடுப்பூசி எப்போது போடுகிறார்கள் என்பதைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு வையுங்கள். துள்ளுமாரி ஊசியை மழைக்கு முன்பே போட்டுவிட வேண்டும், புதுப்புல் முளைத்த பிறகு அல்ல.

கடன் விஷயத்தில் ஒன்று. கால்நடைக்கான கிசான் கடன் அட்டை தீவனம், மருந்து போன்ற நடைமுறைச் செலவுக்குத்தான். ஆடு வாங்கத் தனியாகத் தவணைக் கடன் கேட்க வேண்டும்.

கேள்வி: என் கடலைப் பயிர் மஞ்சளாகிறது. உதவி வேளாண்மை அலுவலர் எங்கள் ஊருக்கு எப்போது வருவார் என்றே தெரிவதில்லை. கடைக்காரர் சொன்ன மருந்தை இருமுறை அடித்தும் பலனில்லை.
- வாசகர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: அவருடைய வருகை விவரத்தைத் தமிழக அரசின் உழவன் செயலியில் பார்க்கலாம். காத்திருக்க முடியாவிட்டால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்கு நேரில் போங்கள். இலைப் படத்தை மட்டும் காட்டாதீர்கள். நோயுற்ற செடி இரண்டு, நல்ல செடி ஒன்று, வேர் அறாமல் மண்ணோடு தோண்டிக் கொண்டுபோங்கள். ஏனென்றால் மஞ்சள் ஒன்றல்ல. அடியிலைகள் முழுதாக வெளிறினால் தழைச்சத்துக் குறை. குருத்திலை வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்துக் குறை. பத்து லிட்டர் நீருக்கு 100 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட்) கரைத்து, பத்து நாள் இடைவெளியில் தெளித்தால் தேறும். தண்டின் அடியில் வெள்ளைப் பூசண நூலும் கடுகு போன்ற உருண்டைகளும் இருந்தால் தண்டழுகல். இதில் பூச்சிமருந்துக்கு எங்கே வேலை? தண்டழுகலைத் தடுக்க, அடுத்த விதைப்பில் கிலோ விதைக்கு நான்கு கிராம் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூசணத்தைக் கலந்து நேர்த்தி செய்யுங்கள். தொலைபேசியில் தமிழிலேயே கேட்க: கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை.

கேள்வி: வாய்மொழிக் குத்தகையில் நெல் சாகுபடி செய்கிறேன். பட்டா என் பெயரில் இல்லை. எனக்கு எந்த உதவியும் கிடையாதா?
- வாசகர், திருவாரூர் மாவட்டம்

பதில்: வருடத்துக்கு 6,000 ரூபாய் தரும் பி.எம். கிசான் நில உடைமையாளருக்கு மட்டுமே. பயிர்க் காப்பீடு குத்தகைதாரருக்கும் உண்டு. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம்தான் நீங்கள் கட்டும் பங்கு. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிரிட்டிருக்கிறார் என்ற கிராமக் கணக்கு) அல்லது விதைப்புச் சான்று வாங்குங்கள். அதில் சாகுபடியாளர் இடத்தில் உங்கள் பெயரும், சரியான சர்வே எண்ணும் உட்பிரிவும் இருக்கின்றனவா என்று அங்கேயே பாருங்கள். உட்பிரிவு மாறியிருந்தால் இழப்பீடு வரும் நேரத்தில் விண்ணப்பம் நின்றுவிடும். ஆதார், வங்கிப் புத்தகத்தோடு பொதுச் சேவை மையத்திலேயே பதியலாம். கடைசித் தேதி நெருங்கும்போது அங்கே கூட்டம் நெரியும்; நடவு முடிந்த வாரமே போய்விடுங்கள். கடனுக்கு, உங்களைப் போன்ற நான்கு முதல் பத்துப் பேர் கூட்டுப் பொறுப்புக் குழுவாகச் சேர்ந்து வங்கியை அணுகலாம்.