மூன்று மூட்டை உல்லன் நூல்

வணக்கம் அக்கா,

போன ஐப்பசியில் அம்மா தவறிப்போனார். அவர் பீரோவுக்கு மேலே மூன்று மூட்டை உல்லன் நூல் இருந்தது. எல்லாம் மிச்சம் மீதி. அரை உருண்டை, கால் உருண்டை, அப்புறம் நாங்கள் சின்ன வயதில் போட்ட ஸ்வெட்டர்கள் நாலைந்து. இவற்றைக் குரோஷே போர்வைகளாகப் பின்னி, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுக்க நினைக்கிறேன். எனக்குச் சுமாராகப் பின்னத் தெரியும். ஆனால் சித்தப்பா, "கடையில் போர்வை சல்லிசாகக் கிடைக்கிறது, பழைய நூலைப் பிரித்துப் பின்னிக் கொடுப்பது வாங்குகிறவரை அவமானப்படுத்துவது மாதிரி" என்கிறார். திண்டுக்கல் வெயிலில் உல்லன் யாருக்கு என்றும் கேட்கிறார். மனசு தொய்ந்துவிட்டது. அம்மா பாதியில் விட்ட ஒரு சதுரமும் ஊசியோடு அப்படியே இருக்கிறது. அதை என்ன செய்வது?

ஒரு வாசகி, திண்டுக்கல்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் சித்தப்பா சொன்னதில் பாதி சரி, அதனால் அவர்மேல் வருத்தப்படாதீர்கள். வெள்ளம், புயல் என்று வரும்போது ஒரே ராத்திரியில் நூற்றுக்கணக்கில் போர்வை வேண்டும். நாம் மாதத்துக்கு ஒன்று பின்னுகிறவர்கள். அந்த நேரத்தில் ஊசியை எடுத்துக்கொண்டு உட்காரக் கூடாது, பணமாகவோ கடைப் போர்வையாகவோ உடனே கொடுத்துவிட வேண்டும். நாம் பின்னுவது நிதானமான தேவைகளுக்கு.

ஆனால் பழைய நூல் என்பதாலேயே அவமானம் என்கிறாரே, அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நிவாரண முகாம்களில் பல வருடமாகக் கொடுத்துவந்த சாம்பல் நிறக் கம்பளிகள் எங்கிருந்து வந்தவை தெரியுமா? பெரும்பாலும் ஹரியானாவில் உள்ள பானிபட். குளிர்நாடுகளில் கழித்துப் போட்ட ஸ்வெட்டரும் கோட்டும் கப்பல் கப்பலாக அங்கே வந்து இறங்கும், பெண்கள் தரையில் உட்கார்ந்து பட்டனையும் ஜிப்பையும் அறுத்தெடுத்து நிறம் நிறமாகப் பிரிப்பார்கள், அப்புறம் இயந்திரம் அதை நார் நாராகக் கிழித்து மறுபடி நூலாக்கும். ஷாடி என்று அந்தத் துணிக்குப் பெயர். இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம் பேட்லி என்ற ஊரில் 1813 வாக்கிலேயே தொடங்கிய தொழில் இது. அதாவது சித்தப்பா சொல்லும் கடைப் போர்வையே பழைய ஸ்வெட்டராக இருந்திருக்கலாம். (இப்போது அங்கேயும் பாலியஸ்டர் போர்வைதான் அதிகம்.) ஒரு வித்தியாசம், இயந்திரம் கிழிக்கும்போது இழை துண்டு துண்டாகிறது, கையால் பிரிக்கும்போது நூல் முழுசாக வரும். உங்கள் அம்மா வைத்துவிட்டுப் போனது நல்ல சரக்கு.

அவமானம் எங்கே இருக்கிறதென்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். சில வருடங்களுக்கு முன் ஒரு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவுக்குப் பதினோரு போர்வைகள் கொண்டுபோனேன். யாரையும் கேட்காமல், எனக்குப் பிடித்த பூ வேலைப்பாட்டில், இடைவெளி விட்டுவிட்டுப் பின்னியிருந்தேன். மூத்த செவிலியர் ஒருவர் ஒன்றை விரித்து ஓட்டைக்குள் தன் சுண்டுவிரலை விட்டுக் காட்டினார். "குழந்தையோட விரல் இதுல மாட்டுங்கம்மா" என்றார். அப்புறம் பின்பக்கம் திருப்பினார். நிறம் மாற்றிய இடங்களில் நூல் நுனிகள் நீட்டிக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை இழுத்துத் தன் விரலைச் சுற்றி, இப்படிக் கால்விரலில் சுற்றிக்கொண்டால் ரத்தம் ஓடாது, குழந்தை ஏன் அழுகிறதென்று யாருக்கும் தெரியாது என்று பொறுமையாகச் சொன்னார். பதினொன்றையும் திருப்பி எடுத்துக்கொண்டு வந்தேன். நூல் மிச்சமாக இருந்ததில் தப்பில்லை. யார் போர்த்திக்கொள்ளப் போகிறார் என்று நினைக்காமல் பின்னியதுதான் தப்பு.

அதனால் முதலில் ஊசியை எடுக்காதீர்கள், போய்க் கேளுங்கள். வெயில் ஊர் என்று சித்தப்பா சொல்கிறார், ஆனால் கொடைக்கானலும் உங்கள் மாவட்டம்தானே. மன்னவனூர், பூம்பாறைப் பக்கம் மார்கழி ராத்திரி எப்படி இருக்கும் என்று அங்கே வேலை பார்த்த எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். மன்னவனூரில் கம்பளி ஆடு வளர்க்கும் மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது, அந்தக் குளிர் ஆட்டுக்குப் பிடிக்கும், வயதான மனிதருக்குப் பிடிக்காது. சமவெளியிலும் முதியோர் இல்லங்களில் கேட்டுப் பாருங்கள், வயதானவர்களுக்கு ஐப்பசி மழைக்கே கால் சில்லிட்டுப்போகும். அவர்கள் கேட்பது பெரும்பாலும் முழுப் போர்வைகூட இல்லை, நாற்காலியில் உட்காரும்போது மடியிலிருந்து பாதம்வரை மூடுகிற அளவு. எப்படித் துவைப்பார்கள் என்பதையும் மறக்காமல் கேளுங்கள். அதை வைத்துத்தான் எந்த நூல் என்று முடிவாகும்.

உல்லன் என்று நாம் சொல்வதில் முக்கால்வாசி ஆட்டு ரோமமே இல்லை, அக்ரிலிக் என்ற செயற்கை நூல். லேபிள் இல்லாத உருண்டையில் ஒரு விரற்கடை வெட்டி, இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சி காட்டுங்கள். முடி பொசுங்கிய நாற்றமடித்து, நசுக்கினால் பொடியாகும் சாம்பல் விழுந்தால் அது கம்பளி. உருகிச் சுருண்டு கெட்டியான கறுப்பு மணி மாதிரி நின்றால் அக்ரிலிக். இரண்டையும் ஒரே போர்வையில் கலக்காதீர்கள். சுடுதண்ணீர் பட்டால் கம்பளி சுருங்கும், அக்ரிலிக் அப்படிச் சுருங்காது, போர்வை கோணிக்கொள்ளும். மொத்தமாக மெஷினில் துவைக்கிற இல்லத்துக்கு அக்ரிலிக் கொடுங்கள். விறகடுப்புப் பக்கத்தில் குளிர்காய்கிற வீட்டுக்குக் கம்பளிதான், ஏனென்றால் பொறி விழுந்தால் அக்ரிலிக் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

இனி அந்தப் பழைய ஸ்வெட்டர்கள். உள்பக்கம் திருப்பி ஓரத்தையலைப் பாருங்கள். துணியாக வெட்டி ஓவர்லாக் அடித்திருந்தால் விட்டுவிடுங்கள், ஒவ்வொரு வரிசையும் ஒரு சாண் இரண்டு சாண் துண்டாகத்தான் வரும். கையால் பின்னியதாக இருந்தால், அல்லது ஓரம் வெட்டாமல் சேர்த்துத் தைத்திருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். தையலை மட்டும் நுனிக் கத்தரியால் ஒவ்வொன்றாக அறுத்துவிட்டு, பின்னி முடித்த பக்கத்திலிருந்து, பெரும்பாலும் கழுத்துப் பக்கம், நுனியைத் தேடிப் பிடியுங்கள். கிடைத்ததும் அது வருகிற வேகம் இருக்கிறதே, டர்ரென்று ஒரு வரிசை, அடுத்த வரிசை, அந்துருண்டை வாசனையோடு நூல் நெளிநெளியாகக் கையில் குவியும். அதை அப்படியே உருண்டையாகச் சுற்றிவிடாதீர்கள். நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் வெள்ளைப் பருத்தி நூலால் தளர்வாகக் கட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு ஊறவைத்து, பிழியாமல் நிழலில் தொங்கவிட்டு, அடியில் பாதி தண்ணீர் நிரப்பிய சின்ன பாட்டில் ஒன்றைக் கட்டிவிடுங்கள். காய்ந்து எடுக்கும்போது நெளிவு பெரும்பாலும் போயிருக்கும். இஸ்திரி போட்டு நேராக்கலாம் என்று தோன்றும், அக்ரிலிக் என்றால் வேண்டாம், உயிர் போன மாதிரி தொளதொளத்துவிடும். முழங்கை இருந்த இடத்து நூலை மட்டும் இரண்டு கையாலும் இழுத்துப் பாருங்கள், அறுந்தால் குப்பைக்கு. பெரியவர் ஸ்வெட்டர் ஒன்றில் 300, 400 கிராம் தேறும்.

கால் உருண்டைகளுக்குச் சதுரம்தான் வழி. ஆஸ்திரேலியாவில் ராப் வித் லவ் என்ற அமைப்பு 1992 முதல் இதைச் செய்கிறது, 25 சென்டிமீட்டர் சதுரங்கள் 28, வரிசைக்கு நாலாக ஏழு வரிசை, அவ்வளவுதான் ஒரு போர்வை. அதே கணக்கை நீங்களும் வைத்துக்கொள்ளலாம். 25 சென்டிமீட்டருக்கு ஓர் அட்டையை வெட்டி வைத்துக்கொண்டு, தையல் எண்ணிக்கையைப் பார்க்காமல் அட்டையோடு வைத்து அளந்து நிறுத்துங்கள். மெல்லிய நூலை இரட்டை இழையாகப் பிடித்தால் தடிமன் நூலோடு சேரும். இடைவெளி பெரிதாக விழாமல் நெருக்கமாகப் பின்னுங்கள். நூல் மாற்றும்போது வெறும் முடிச்சை நம்பாதீர்கள், ஒரு சாண் நுனி விட்டு மூன்று திசையில் உள்ளே கோர்த்துவிடுங்கள். ஒரே ஒரு செலவு செய்யுங்கள், இணைப்பதற்கும் சுற்றுக்கரைக்கும் ஒரே நிறத்தில் புது நூல் வாங்குங்கள். அரக்கோ கருநீலமோ ஓடவிட்டால், முப்பது நிறமும் ஒரு குடும்பமாகிவிடும்.

தனியாக உட்கார்ந்து என்ன ஆகப்போகிறது என்று தோன்றினால் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவில் 2013 டிசம்பரில் நெல்சன் மண்டேலாவின் உதவியாளராக இருந்த செல்டா லா கிரான்ஜ், கரோலின் ஸ்டெய்ன் என்ற பெண்ணிடம், ஜூலையில் வரும் மண்டேலா நாளுக்குள் 67 போர்வை பின்ன முடியுமா என்று கேட்டார், மண்டேலா பொதுவாழ்வில் இருந்தது 67 வருடம் என்பதால் அந்தக் கணக்கு. ஜூலை அங்கே கடுங்குளிர். தனியாக முடியாதென்று கரோலின் மற்றவர்களைக் கூப்பிட, அது ஆயிரக்கணக்கானவர்களின் வேலையாகிவிட்டது, 2015இல் பிரிட்டோரியாவில் 3,377 சதுர மீட்டருக்கு ஒரே போர்வையாக இணைத்து விரித்தார்கள். அடுத்த ஜனவரி 31 அன்று சென்னையில் சுபஸ்ரீ நடராஜன் தொடங்கிய மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ் குழுவினர் 11,148.5 சதுர மீட்டர் விரித்து அந்தக் கின்னஸ் சாதனையைத் தாண்டினார்கள். அதைப் பிரித்துப் போர்வைகளாகத் தேவைப்பட்டவர்களுக்குக் கொடுத்தார்கள் என்பதுதான் எனக்குச் சாதனையைவிடப் பெரிய விஷயமாகப் படுகிறது.

அம்மாவின் சதுரத்துக்கு வருகிறேன். அதைப் பிரிக்காதீர்கள். அவர் நிறுத்திய இடத்திலிருந்து நீங்களே தொடருங்கள். ஒவ்வொருவர் கை இறுக்கமும் வேறு, அவர் முடித்த வரிசையும் நீங்கள் தொடங்கிய வரிசையும் கொஞ்சம் வேறாகத்தான் தெரியும், தெரியட்டும். அது கொடுக்கும் போர்வைக்கா, உங்கள் வீட்டுக்கா என்பதை முடித்த பிறகு முடிவு செய்துகொள்ளலாம். ஆனால் ஒன்றை இன்றைக்கே செய்யுங்கள். குரோஷேயில் கடைசியாக உயிரோடு இருப்பது ஒரே ஒரு கண்ணிதான், மூட்டையை நகர்த்தும்போது ஊசி நழுவி யாராவது நூலை இழுத்துவிட்டால் அம்மா போட்டது அத்தனையும் அவிழ்ந்துவிடும். அந்தக் கண்ணியில் ஒரு சேஃப்டி பின்னை மாட்டிவிட்டு, அப்புறம் ஊசியை எடுங்கள்.

அன்புடன்,
அக்கா