ஜூலையில் ரெசிடன்சி, நவம்பரில் குழந்தை: லீவை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். அமெரிக்காவில் இன்டேர்னல் மெடிசின் ரெசிடன்சிக்கு, அதாவது டாக்டர்களுக்கான மூன்று வருடச் சிறப்புப் பயிற்சிக்கு, மேட்ச் ஆகி இடம் கிடைத்துவிட்டது, ஜூலை 1 வேலை தொடக்கம். நவம்பரில் குழந்தை பிறக்க வேண்டும். இங்கே அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் அக்காவுக்கு 84 நாள் முழுச் சம்பள லீவு கிடைத்தது. எனக்கு என்ன கிடைக்கும்? மூன்று வருடத்தில் முடிக்கலாமா?

பதில்: முதலில் வாழ்த்துகள். அடுத்தது, அக்காவின் 84ஐ மறந்துவிடுங்கள். அது வேலை நாள் கணக்கு. சனி, ஞாயிறு, போயா (பௌர்ணமி விடுமுறை) எல்லாம் விட்டு எண்ணினால் ஏறக்குறைய நான்கு மாதம் வரும். அங்கே எல்லாம் வாரக் கணக்கு.

எல்லோரும் உங்களுக்குச் சொல்லப்போவது எஃப்எம்எல்ஏ என்ற 1993ஆம் ஆண்டுக் குடும்ப, மருத்துவ லீவுச் சட்டம். 12 வாரம் வீட்டில் இருக்கலாம், வேலை போகாது, ஆனால் சம்பளம் இல்லை. இதற்குத் தகுதி பெற அந்த இடத்தில் 12 மாதமும் 1,250 மணித்தியாலமும் வேலை செய்திருக்க வேண்டும். மணித்தியாலம் ஒரு பிரச்சினையே இல்லை. வாரத்துக்கு 60 மணி என்றாலே ஐந்து மாதத்தில் தாண்டிவிடும். இடிப்பது அந்த 12 மாதம்தான். நவம்பரில் இந்தச் சட்டம் உங்களுக்குக் கைகொடுக்காது.

கைகொடுப்பது, பயிற்சித் திட்டங்களை அங்கீகரிக்கும் ஏசிஜிஎம்ஈ என்ற அமைப்பின் விதி. 2022 ஜூலை முதல், சேர்ந்த நாளிலிருந்தே, பயிற்சிக் காலத்தில் ஒரு தடவையாவது குறைந்தது ஆறு வாரம் முழுச் சம்பளத்தோடு கொடுக்க வேண்டும். அதற்கு வெளியே அந்த வருடத்தில் இன்னொரு வாரமும் சம்பள லீவாக மிஞ்ச வேண்டும். சில ஆஸ்பத்திரிகள் உங்கள் வக்கேஷனிலிருந்தே எடுத்து இந்த ஆறு வாரத்தை நிரப்பும். அதற்கு இடமுண்டு. ஆகவே ‘ஆறு வாரம் தருவீர்களா’ என்று கேட்பதில் பயனில்லை. ‘அதில் எத்தனை நாள் என் வக்கேஷனில் கழியும்’ என்று கேளுங்கள்.

இனி மூன்று வருடக் கணக்கு. சம்பளம் வருகிறது என்பதற்காகப் பயிற்சி நாள் ஓடுவதாக ஆகாது. பயிற்சி முடிந்ததும் சான்றிதழ் தரும் ஏபிஐஎம் என்ற உங்கள் போர்ட், வக்கேஷன், சுகயீனம், பிரசவம் எல்லாம் சேர்த்து வருடத்துக்கு 35 நாள் விடுகிறது. அதற்கு மேல் முழுப் பயிற்சிக்கும் 35 நாள் வரை குறையலாம். ஆனால் ஆள் தேறிவிட்டார் என்று புரோகிராம் டைரக்டரும் மதிப்பீட்டுக் குழுவும் உறுதிசொல்ல வேண்டும். முதல் வருடத்திலேயே 12 வாரம் விட்டார்கள் என்றே வைப்போம், அதோடு ஒரு வார வக்கேஷனும் எடுத்தால் 91 நாள். 35 போனால் 56, இன்னொரு 35 போனால் 21. அந்த 21 நாளுக்கு ஜூன் 30க்குப் பிறகும் வேலை செய்ய வேண்டிவரும், அடுத்த கட்டப் பயிற்சியான ஃபெலோஷிப்பின் ஜூலை 1 தொடக்கம் ஆட்டம் காணும்.

நான் என்றால் பிரித்து எடுப்பேன். நவம்பரில் ஆறு வாரம், பிறகு ஒரு வார வக்கேஷன்: 49 நாள், 35 போனால் குறைவு 14. உங்கள் அம்மா விசிட் விசாவில் வந்தால் பெரும்பாலும் ஆறு மாதம்தான் நிற்க விடுவார்கள்; மே மாதமளவில் அவர் கொழும்புக்குத் திரும்பும்போதுதான் வீடு உண்மையில் திண்டாடும். அடுத்த ஜூலையில் 12 மாதம் நிறைந்துவிடும், எஃப்எம்எல்ஏ திறக்கும். பிள்ளையின் முதலாவது பிறந்தநாளுக்குள் அதை எடுக்கலாம். மூன்று வாரம் எடுங்கள், சம்பளம் இராது. நான்கு வார வக்கேஷனோடு அதுவும் 49 நாள், குறைவு இன்னொரு 14. மொத்தம் 28, 35க்குள் நிற்கிறது.

கர்ப்பம் என்று தெரிந்தால் இடத்தைப் பறிப்பார்களோ என்று பயப்பட வேண்டாம். இடம் ஒதுக்கும் மேட்ச் முறை இரு பக்கத்தையும் கட்டும், கர்ப்பத்தைக் காட்டிப் பாகுபாடு செய்வதை 1978 முதலே சட்டம் தடுக்கிறது. மறைத்து வைத்தால்தான் சங்கடம்: ரோஸ்டர் ஜூலைக்கு முன்பே போட்டுவிடுவார்கள், பிறகு ஒக்டோபரில் ஐசியு இரவு டியூட்டியை மாற்றச் சொல்லி எல்லோரிடமும் கெஞ்சிக்கொண்டிருக்க வேண்டும். இந்த வாரமே புரோகிராம் கோர்டினேட்டருக்கு மின்னஞ்சல் போடுங்கள். நவம்பரை இலெக்டிவ் (நீங்களே தெரிவுசெய்யும் பயிற்சிப் பகுதி) பக்கம் வைக்க முடியுமா என்று கேளுங்கள். வரும் பதிலைப் பத்திரப்படுத்துங்கள். ஜே-1 என்ற பயிற்சி விசா என்றால் இந்த லீவுகளைப் புரோகிராம் ஊடாக, அந்த விசாவுக்குப் பொறுப்பேற்கும் ஈசிஎஃப்எம்ஜி அமைப்புக்கும் அறிவிக்க வேண்டும், அதையும் அதே மின்னஞ்சலில் ஒரு வரியாகக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம் ஒன்று: எஃப்எம்எல்ஏயில் அம்மா, அப்பா, கணவர், பிள்ளை சுகயீனமானால் லீவு உண்டு. மாமியாருக்குக் கிடையாது.