போக்கிமான் அட்டையை மாற்றிக்கொள்ளும்போது நியாயமான மதிப்பை எப்படிக் கணிப்பது?

1999இல் வெளிவந்த ஆங்கில முதல் தொகுப்பில் உள்ள, சாரிஸார்ட் என்ற போக்கிமானின் அட்டையை மாற்றிக்கொள்ளும்போது ஏமாறாமல் இருப்பது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் அது எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 4/102 (102 அட்டைகள் கொண்ட தொகுப்பில் நான்காவது) என்ற ஒரே எண்ணைத் தாங்கியிருந்தாலும், படத்தின் இடப்பக்கக் கீழ்மூலையை ஒட்டி முதற்பதிப்பு முத்திரை உள்ள அட்டை, முத்திரையும் படச்சட்டத்தின் வலப்பக்க நிழலும் இல்லாத அட்டை, நிழலுடன் பின்னர் பெருமளவில் அச்சான அட்டை ஆகிய மூன்றும் விலையில் வெகுதூரம் விலகி நிற்பவை.

அடுத்தது அட்டையின் நிலை. விளக்கொளியில் சாய்த்துப் பிடித்தால் பளபளப்பான படப்பகுதியில் கீறல்கள் தெரியும். பின்புறத்து நீல ஓரங்களில் வெள்ளைத் திட்டுகள் தென்பட்டால், உறையில்லாமல் பலமுறை கையாளப்பட்ட அட்டை என்று கொள்ளலாம். அட்டைகளின் நிலையை ஆராய்ந்து தரமிடும் பிஎஸ்ஏ நிறுவனம், உச்சத் தரமான 10 என மதிப்பிட்ட அட்டைக்குரிய விலையை, மதிப்பிடப்படாத அட்டைக்கு ஒருவர் கேட்டால் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

ஈபே இணையச் சந்தையில் விற்பவர் கேட்கும் தொகையை விட்டுவிட்டு, அதே பதிப்பும் அதே நிலையும் கொண்ட அட்டைகள் அண்மையில் விற்றுமுடிந்த தொகைகளைப் பாருங்கள். இருவரும் ஒரே அளவுகோலைக் கொள்வது அதைவிட முக்கியம். தன் அட்டைக்குச் சந்தை விலையும் உங்கள் அட்டைக்குக் கடைக்காரரின் கொள்முதல் விலையும் சொல்பவரிடம் கணக்கு ஒருபோதும் நேராகாது. இருபது சில்லறை அட்டைகளைக் கூட்டி ஒரு சாரிஸார்டுக்கு ஈடாக்க முனைந்தால், அவற்றைத் தனித்தனியே விற்கும் உழைப்பு பெறுபவர்மேல் விழுவதால், சற்றுக் கூடுதலாகத் தருவதே முறை என்பது என் உறுதியான கருத்து.